பட்டியல் எழுதியவர்கள், உலை வைத்தவர்கள்

ஸ்வீடன் நாட்டு மொழியில், எடையைக் குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதை ‘பான்டா’ என்ற வினைச்சொல்லால் குறிக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல். வில்லியம் பான்டிங் லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். அறுபத்தைந்து வயதில் அவருடைய எடை 202 பவுண்டு, ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. மாடிப்படியில் பின்பக்கமாகவே இறங்க வேண்டியிருந்தது. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டு காலத்தில் 46 பவுண்டு குறைந்தது. அந்த நிம்மதியில் பான்டிங் 1863இல் தன் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதமாகச் சிறுநூலாக்கி வெளியிட்டார். எடைகுறைப்பு உணவுத் திட்டம் என்ற வகைமையின் வரலாற்றை அங்கிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு நாளைக்கு நான்கு வேளை. மூன்று வேளைக்கு இறைச்சியோ மீனோ உண்டு. எத்தனை அவுன்ஸ், எந்த மது, எத்தனை குவளை என்பதெல்லாம் இருக்கிறது. அடுப்படியில் நின்று அதைச் செய்தது யார் என்பது மட்டும் பட்டியலில் இல்லை. உண்பவர் சொல்வார், சமைப்பவர் சமைப்பார் என்ற ஏற்பாடு அவருக்குக் காற்றைப் போல இயல்பாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ திட்டங்கள் அதே மௌனத்தைச் சுமந்துகொண்டுதான் வந்தன. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

பான்டிங் தன் பட்டியலைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டார். நம் மொழியில் பெண்ணுக்கு எழுதப்பட்ட உணவுப் பட்டியல் அதைவிட மிகப் பழையது. அதில் அவளுடைய விருப்பத்திற்கு இடமே இல்லை. புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடியவர் பெருங்கோப்பெண்டு. பூதப்பாண்டியன் இறந்த பிறகு தீயில் புகப்போகும் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் அவர் பேசுகிறார். நீங்கள் சொல்கிறபடி உயிரோடு இருந்தால் நான் உண்ண வேண்டியது எது என்று அவர் எண்ணிக் காட்டுகிறார்: நெய் தொடாமல் கையால் பிழிந்து எடுத்த சோறு, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போது மாணவிகள் தீயைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் உணவுப் பட்டியலில் அவர்களைச் சற்று நிறுத்துவேன். கைம்பெண்ணின் உடலில் ஆசை எழாதிருக்க அவளுடைய தட்டிலிருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஒரு சமூகம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. குறைத்து உண்பது நோன்பாகவும் தண்டனையாகவும் ஒரே நேரத்தில் பெண்ணுக்குக் கற்பிக்கப்பட்டது. இன்றும் ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும்போது அதில் உடல்நலத்தைவிட ஒழுக்கத்தின் தொனியே கூடுதலாகக் கேட்கிறது.

பான்டிங்கின் நூல் வெளியான பதினான்காவது ஆண்டில், அதே பவுண்டும் அவுன்ஸும் சென்னை மாகாணத்தில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டன. 1876–78 பஞ்சம் தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் இன்னும் நினைவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877இன் தொடக்கத்தில் நிவாரணப் பணியில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதே களத்தில் வேலைசெய்த பெண்ணுக்கு அதைவிடவும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு காய்கறியும் புரதமும் வேண்டும் என்று வாதிட்டார். அந்த ஆண்டிலேயே அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எலும்பும் தோலுமாய்ப் போனவர்களுக்கு அது எட்டவில்லை.

விருப்பம், தண்டனை, சிக்கனம். உணவை அளக்கும் வழக்கத்துக்கு இப்படி மூன்று ஊற்றுகள். இருபதாம் நூற்றாண்டில் பெண்ணின் கையில் கொடுக்கப்பட்ட எடைகுறைப்புத் திட்டத்தில் மூன்றும் வந்து கலந்தன.

அந்தக் கலவையை லூலூ ஹன்ட் பீட்டர்ஸிடம் தெளிவாகப் பார்க்கலாம். அவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மருத்துவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் பட்டம் பெற்றவர். வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் முந்தைய தலைமுறையில் உணவின் ஆற்றலைக் கலோரியில் அளந்து அட்டவணைகள் தந்திருந்தார். பீட்டர்ஸ் அதை எடுத்து, 1918இல் தன் நூலின் வழியாக வீட்டுப் பெண்களிடம் சேர்த்தார். இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் தந்த பயிற்சி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பருத்த உடல் என்பது பதுக்கிவைத்த உணவு, தேசத்துக்குச் செய்யும் துரோகம் என்ற பேச்சும் அந்த நூலில் உண்டு. நூல் இருபது லட்சம் பிரதிகள்வரை விற்றது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 கலோரி என்ற எண் அவர் வழியாகத்தான் புகழ்பெற்றது. நூறு ஆண்டுகள் கழித்தும் நம் ஊர் அச்சுத்தாள்களில் அது உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களை மீட்பது எப்படி என்று அறிவது நோக்கம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி. அறிவியலாளர்கள் அதற்கு வைத்த பெயர் அரைப் பட்டினி. அவர்கள் பெரிய உடம்புக்காரர்கள், வாரத்தில் பல மைல் நடந்தவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்தது நம்மில் பலருக்குப் பழக்கமானது. எப்போதும் சோற்று நினைப்பு. எரிச்சல். சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படிக்கும் பித்து. கட்டுப்பாடு நீங்கிய பிறகு எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அந்த ஆண்களைப் பார்த்து மனவுறுதி இல்லாதவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. பட்டினியின் விளைவு என்று எழுதிவைத்தார்கள். இதே விளைவு ஒரு பெண்ணுக்கு நேரும்போதுதான் அது அவளுடைய குணக்கேடாகிறது.

எடைக்கான அளவுகோலிலும் இந்தக் கதை உண்டு. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. சூத்திரம் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தது. 1972இல் அதற்கு இன்றைய பெயரை வைத்தவர் இதே ஆன்செல் கீஸ். ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். அத்தனை பேரும் ஆண்கள். ஆசிய உடல்களில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய்க்கான ஆபத்து தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. அதனால் 25க்குப் பதில் 23ஐயே எச்சரிக்கை எல்லையாகக் கொள்கிறோம். இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த எண்களை நான் நிராகரிக்கவில்லை. ஆபத்து உண்மையானது. எண் யாரை அளந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ள முடியும்.

1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற பெண் தன் தோழிகள் சிலரை வீட்டுக்கு அழைத்தார். நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவமனை தந்த உணவுத் திட்டத்தைத் தனியாகக் கடைப்பிடிக்க அவரால் முடியவில்லை. ஒளித்துவைத்த பிஸ்கட்டைத் தின்பதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டியிருந்தது. பேசினார்கள். பேசியது உதவியது. 1963இல் அது ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாயிற்று. 1978இல் அதை வாங்கியது ஹைன்ஸ் என்ற உணவு நிறுவனம். பெண்களின் கூட்டுப் பேச்சாகத் தொடங்கிய ஒன்று, தின்னவும் விற்று, தின்னாமலிருக்கவும் விற்கும் வணிகத்தின் கைக்குப் போயிற்று. அதே 1978இல்தான் சூசி ஆர்பக் கொழுப்பைப் பெண்ணியப் பிரச்சினையாகப் பேசும் தன் நூலை வெளியிட்டார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

உணவுத் திட்டமிடலுக்கு எடைகுறைப்பைத் தாண்டிய இன்னொரு மரபும் உண்டு. அதன் ஊர் நமக்கு மிக அருகில் இருக்கிறது. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஆய்வகத்தில், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீக்கியரின் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சோற்றைத் தின்றவை மிக மெலிந்தவையாக இருந்தன. தீட்டிய அரிசி கூடுதல். பாலும் பருப்பும் காயும் குறைவு. அவருக்குப் பின் வந்த ஆய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையையும் போதுமான உணவைத் திட்டமிடும் முறையையும் சேர்த்து ஓர் அரசு வெளியீடாகக் கொண்டுவந்தார். குறைப்பது எப்படி என்பது அங்கே கேள்வியில்லை. இருக்கும் காசில், இந்தச் சந்தையில், இந்த வீட்டுக்குப் போதுமான உணவு எது என்பதே கேள்வி. அந்த ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

இந்த மரபிலும் ஒரு விடுபடல் உண்டு. ஒரு வீட்டின் உணவுத் தேவையைக் கணக்கிட, உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் 1 அலகு என்றும், அப்படிப்பட்ட பெண் 0.8 அலகு என்றும் வைத்தார்கள். கலோரியைப் பொறுத்தவரை சராசரியாக அது சரி. ஆனால் இரும்புச் சத்தில் கணக்கு தலைகீழ். 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராம். குறைந்த சோற்றில் கூடுதலான சத்து வேண்டும் என்றால், பானையில் இருக்கும் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் முதலில் அவள் தட்டுக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் எந்த வரிசையில் போகிறது என்பதை எழுதத் தேவையில்லை.

அதன் விளைவைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் காணலாம். 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எடையும் கூடுகிறது, இரத்தமும் இல்லை. இப்படிப்பட்ட உடலிடம் ‘இன்னும் குறைத்துச் சாப்பிடு’ என்று மட்டும் சொன்னால் இருப்பதும் போய்விடும். காலையில் அனைவருக்கும் டிபன் கட்டிக்கொடுத்துவிட்டுத் தான் ஒரு டம்ளர் டீயோடு ஓடுவது, பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட இன்னொரு டீ, மூன்று மணிக்கு மிஞ்சிய சோறும் குழம்பும், வீணாகிவிடக் கூடாதே என்று இரவு பத்து மணிக்குச் சட்டியில் ஒட்டியது. என் அம்மாவும் சித்திகளும் இப்படித்தான் உண்டார்கள். என்னுடன் பணிபுரிபவர்களில் பலரும் இப்படித்தான். அவர்களுக்குக் குறைவாக இருப்பது அவர்களுக்கென்று ஒதுக்கிய உணவும் அதை உண்ணும் நேரமும்தான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. எடையில் ஏழெட்டுக் கிலோ குறைந்தால் நல்லது என்றார் மருத்துவர். அங்கிருந்த உணவு ஆலோசகர் ஓர் அச்சுத்தாளைத் தந்தார். காலையில் ஓட்ஸ், பத்தரைக்கு ஆறு பாதாம், மதியம் ஒரு கிண்ணம் பிரவுன் அரிசியும் பிராக்கலியும், இரவு சூப். அடியில் 1200. வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறீர்கள், மதிய உணவுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான மூன்று வேளைச் சமையலுக்கு மேல் எனக்காக இன்னொரு மூன்று வேளை. 2019இல் நடந்த இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாள் என் 299ஐ 350 ஆக்கச் சொன்னது.

தாளைப் படித்த என் மாமியார், அவருக்கும் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஏம்மா, உனக்கு மட்டும் எதுக்குத் தனியா? நல்லதுன்னா எல்லாருக்கும் அதையே வையேன்.” எத்தனையோ நூல்கள் தவறவிட்ட இடம் அது.

எந்தத் திட்டம் சிறந்தது என்ற போட்டியில் அறிவியல் சொல்வது சுவாரசியமற்றதாக இருக்கும். 2005இல் அமெரிக்காவில் 160 பேரிடம் நான்கு புகழ்பெற்ற திட்டங்களை ஓராண்டு ஒப்பிட்டார்கள். எடை குறைந்ததற்கும் திட்டத்தின் வகைக்கும் தொடர்பு தெரியவில்லை. எவ்வளவு காலம் கடைப்பிடித்தார்கள் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் கொழுப்பைக் குறைத்த உணவையும் மாவுச்சத்தைக் குறைத்த உணவையும் ஒப்பிட்டபோது, ஓராண்டில் இரு தரப்பும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்திருந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவற்றைவிட நமக்கு முக்கியமானது சென்னையில் மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து துணைநின்று மாற்றம் கொண்டுவரப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடைக்கருவியின் முள் அசையாதபோதும் உடல் நலமடையக்கூடும் என்பதை நம் ஊர் உடல்களே காட்டியிருக்கின்றன. அந்த ஆய்விலும் பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் வீட்டில் மாறிய சாப்பாட்டைச் சமைத்தவர்கள் அட்டவணையில் இல்லை.

நான் தேர்ந்துகொண்டது ஒரே உலை. எங்கள் வீட்டில் மதியத்துக்கு ஒரே சோறுதான், ஒரே குழம்புதான். சோறு மூன்று கரண்டியிலிருந்து ஒன்றரை ஆயிற்று, எல்லோருக்கும். வளரும் பையன் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வான். காயும் கீரையும் இரட்டித்தன. பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று வேளைக்கு உண்டு. கீரை உள்ள நாளில் எலுமிச்சை. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடல் ஈர்க்க உதவும். சாப்பாட்டை ஒட்டி டீ இல்லை. அது இரும்பைத் தடுக்கும். ஞாயிறு மாலை நானும் கணவரும் உட்கார்ந்து ஏழு நாளுக்கு எழுதுகிறோம். ரேஷன் அரிசி, உழவர் சந்தையில் மலிந்த காய், யார் எந்த நாள் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தி வந்த பிறகுதான் முதல் இரண்டும் நிலைத்தன. செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சமையல் அவருடையது. காய் நறுக்குவது பையனுடையது. காலை எட்டு மணிக்கு என் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்ட பின்பே பேருந்துக்குக் கிளம்புகிறேன். பொங்கலன்று பொங்கல், கல்யாண வீட்டில் பந்தி. மறுநாள் வழக்கமான உலை.

இரண்டு ஆண்டில் நான்கரைக் கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு உள்ளே வந்திருக்கிறது. விளம்பரத்தில் போடத்தக்க கணக்கில்லை இது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அளவை மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தனியாக வாழும் பெண்ணுக்கும் விடுதியில் உண்ணும் மாணவிக்கும் இந்த உலை வேறு வடிவம் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எந்தத் திட்டத்தைக் கையில் வாங்கினாலும் கேட்கக்கூடிய கேள்விகள் பொதுவானவை. இதை யார் சமைப்பார்கள்? இதற்கான பொருள் நம் தெருக்கடையில், நம் சம்பளத்தில் கிடைக்குமா? மாலை நாலு மணிக்கு இது என்னைப் பசியில் விடுமா? என் இரத்தத்துக்கு இது எதைச் சேர்க்கிறது? அடுத்த வருடம் இதே மாதம் இப்படியே உண்ண முடியுமா? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத தாளை, அது எவ்வளவு வழவழப்பாக அச்சிடப்பட்டிருந்தாலும், மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம். பதில் எழுதும் இடத்தில் முதல் கேள்விக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கட்டும்.